எஞ்சினில் ஊற்றிய தண்ணீர்

ஊரில் ஒரு வீட்டின் மேல் மட்டும் மழை கொட்ட, பக்கத்து வீட்டு மாடி காய்ந்து கிடப்பதற்குக் காரணம் டர்போ கார்கள்தான் என்பது உறுதியாக நான்கு மாதம் பிடித்தது. அதற்குள் முப்பத்தெட்டு வீடுகள் நனைந்திருந்தன. முதலில் குழாய் உடைந்துவிட்டது என்று நினைத்து நகராட்சிக்கு எழுதிப் போட்டார்கள். நகராட்சி ஆள் வந்து, மாடியில் குடை பிடித்து நின்று பார்த்துவிட்டு, குழாய் எதுவும் உடையவில்லை, இது மழை, மழை எங்கள் துறையில் வராது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். மழையைத் துறையாகக் கொண்ட வானிலை அலுவலகம் அந்த ஊருக்கென்று ஒரே ஒருவரைத்தான் வைத்திருந்தது. தினமும் காலை எட்டரைக்கு மழைமானியில் எத்தனை மில்லிமீட்டர் என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நனைந்த வீடுகளுக்கெல்லாம் போய் அளந்தார். அவருடைய மனைவிதான் அந்தக் கார்களுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்த மெக்கானிக். ஆகவே விஷயம் எந்த விசாரணையும் இல்லாமல் ஒரே வீட்டுக்குள், சாப்பாட்டு மேஜையிலேயே துலங்கியது.

மெக்கானிக்கம்மா என்று ஊரே கூப்பிட்ட அவளுக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. பட்டறையில் இரண்டு கார் நிற்க இடம், நடுவில் வண்டிக்கு அடியிலிருந்து வேலை பார்க்க ஒரு குழி, சுவரில் அளவுவாரியாகத் தொங்கும் ஸ்பேனர்கள், ஜன்னலோரம் ஒரு மேஜை. மாடியில் வீடு. டர்போ வைத்த கார்களுக்கு மட்டும்தான் வேலை செய்வாள், அதிலும் ஒரே ஒரு வேலை. டர்போ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு அவள் சொல்லும் விளக்கம் எப்போதும் ஒன்றுதான். வெளியே போகிற புகை ஒரு சின்னக் காற்றாடியைச் சுழற்றும், அது இன்னொரு காற்றாடியைச் சுழற்றும், அந்த இரண்டாவது காற்றாடி, எஞ்சின் தானாக இழுப்பதைவிட ஒன்றரை மடங்கு காற்றை உள்ளே திணிக்கும். காற்றைத் திணித்தால் சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அதைப்போல. சூடு ஏறினால் பெட்ரோல் தன் முறை வருவதற்கு முன்னாலேயே வெடிக்கும். அப்போது தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கிய சத்தம் கேட்கும். எஞ்சின் தட்டுகிறது என்பார்கள். தட்டத் தட்ட பிஸ்டனில் ஓட்டை விழும். இதற்கு அவள் வைத்த வைத்தியம் தண்ணீர். வண்டியின் பின்பக்கம் ஐந்து லிட்டர் டப்பா, ஒரு பம்பு, மெல்லிய குழாய் ஒன்று, குழாயின் நுனியில் அரை மில்லிமீட்டர் துளை உள்ள நாசில். டர்போ காற்றைத் திணிக்கத் தொடங்கியதும் பம்பு ஓடி, நாசில் வழியாகத் தண்ணீரைப் புகைபோலப் பீய்ச்சும். காற்று குளிரும், எஞ்சின் தட்டாது, மேட்டில் ஏறும்போது யாரோ பின்னாலிருந்து தள்ளிவிடுவதுபோல வண்டி ஏறும். ஊற்றுவது பேட்டரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீராக இருக்க வேண்டும், கிணற்றுத் தண்ணீர் என்றால் உப்பு படிந்து நாசில் அடைத்துக்கொள்ளும். இதை டப்பாவின் மூடியிலேயே சிவப்பு எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

இத்தனை வருடம் புகையோடு போய்க்கொண்டிருந்த அந்தத் தண்ணீர்தான், அந்த வருடம் ஏனோ, ஒரு மணி நேரம் கழித்து எங்கேயாவது ஒரு வீட்டின் மேல் மழையாக இறங்கியது. கணவருக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் பிடிக்கவில்லை. டப்பாவிலிருந்து ஒரு லிட்டர் செலவானால் வீட்டின் மேல் முந்நூறு லிட்டர் விழுந்தது. மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது லிட்டர் எங்கிருந்து வந்தது என்று அவர் பல நாள் சாப்பிடும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். ஒற்றை வீட்டில் மழை பெய்வதை அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, மழை எங்கே வேண்டுமானாலும் பெய்யும், ஆனால் கூட்டல் கழித்தல் இடிக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

எந்த வீட்டில் பெய்யும் என்பதைக் கண்டுபிடித்ததும் அவர்தான். டர்போ காற்றைத் திணிக்கிற அந்த நேரத்தில் ஓட்டுகிறவர் யாரை நினைக்கிறாரோ அவர் வீட்டில் பெய்தது. வங்கி மேலாளரின் மழை நாலு தெரு தள்ளி இருந்த தையல்காரம்மாவின் வீட்டில் இரண்டு முறை பெய்ய, மேலாளரின் மனைவி மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. தைக்கக் கொடுத்த பேன்ட்டில் இரண்டு முறையும் இடுப்பு அளவு தப்பாக இருந்தது, அந்த எரிச்சலை நினைத்துக்கொண்டுதான் ஓட்டினேன் என்று மேலாளர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அது உண்மையாகவும் இருக்கலாம். பல் டாக்டருக்கு மாமியாரைக் கண்டாலே ஆகாது, ஆனால் அவருடைய மழை ஆறு முறை மாமியார் வீட்டில்தான் பெய்தது. பாசத்துக்கும் வயிற்றெரிச்சலுக்கும் ஒரே மழைதான், அளவிலும் வித்தியாசம் இல்லை, கணவர் அதையும் அளந்து பார்த்துவிட்டார். சிலர் தண்ணீர் டப்பாவைக் கழற்றி வைத்தார்கள். சிலர் பெரிய டப்பா கேட்டார்கள். "என் பையன் கார் வாங்கி ஆறு மாசம் ஆச்சு, ஒரு தூறல் இல்லை" என்று ஒரு தாய் கடைவீதியில் எல்லோரும் கேட்கப் புலம்ப, அந்தப் பையன் மறுநாளே வந்து பம்பு சரியாக ஓடுகிறதா என்று பார்க்கச் சொன்னான். பம்பு நன்றாகத்தான் ஓடியது.

மெக்கானிக்கம்மாவின் வீட்டில் மட்டும் ஒரு சொட்டு விழவில்லை. கணவருக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது, பிள்ளைகள் இல்லை, வாடிக்கையாளர்கள் அவளைத் தண்ணீர் தீர்ந்தால்தான் நினைப்பார்கள், அப்போது எஞ்சினில் தண்ணீர் இருக்காது. யாராவது கேட்டால், நல்லதாப் போச்சு, கூரை ஒழுகாம இருக்கு என்று சொல்லிச் சிரித்துவிடுவாள்.

ஒரு நாள் காலைச் சாப்பாட்டின்போது கணவர் நோட்டைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "உங்க அண்ணன் வீட்லதான் ஜாஸ்தி. இருபத்தாறு தடவை."

"யாராவது நினைக்கிறாங்க போல. எனக்கென்ன."

"இருபத்தாறும் நீ டெஸ்ட் ஓட்டின நாள்."

அவள் பாதி சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிவைத்தாள். கழுவின தட்டையே இன்னொரு முறையும் கழுவினாள். புதிதாகத் தண்ணீர் வைத்த ஒவ்வொரு காரையும் மேட்டு ரோட்டில் தண்ணீர்த் தொட்டி வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொந்தக்காரரிடம் கொடுப்பது அவள் வழக்கம். நின்றபடி எஞ்சினை ஓட்டினால் டர்போ காற்றைத் திணிக்காது, மேட்டில் ஏற்றினால்தான் தட்டுகிறதா இல்லையா என்று தெரியும். ஆக, இத்தனை மாதமாகத் தன் மனதில் இருப்பதை ஊருக்கு முன்னால், எதிர் வரிசைக் கூரையின் மேல், அவளே கொட்டிக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கத்தில் அவள் காது மடல் சுட்டது.

அண்ணன் வீடும் பட்டறையும் தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே. ஒன்பது வருடமாக இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அதற்கு முன்னால் ஒரே பட்டறைதான், ஒரே பெயர்ப்பலகைதான். அண்ணன் ஒரு மலை ஏற்றப் பந்தயத்துக்காகப் பதினோரு மாதம் தன் கையாலேயே ஒரு எஞ்சினைக் கட்டினான். பிஸ்டனை எடை போட்டு எடை போட்டு அரம் வைத்துத் தேய்த்தவன் அவன். தண்ணீர் வைப்பது தங்கையின் யோசனை. பந்தயத்துக்கு முந்தின நாள் மாலை அவசரத்தில், பின்னால் வைக்க வேண்டிய டப்பாவை பானெட்டுக்குள்ளேயே, நாசிலுக்கு மேலே, உயரத்தில் மாட்டினாள். வண்டி நிற்கும்போது தண்ணீர் தானாக இறங்காமல் இருக்க ஒரு வால்வு போட வேண்டும், அது காலையில்தான் கடையில் கிடைக்கும். வால்வு போடும் வரைக்கும் யாரும் சாவியைத் திருப்பக்கூடாது. இதை அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போக நினைத்தாள். அந்த நேரம் பார்த்து யாரோ கூப்பிட, கையைத் துடைத்துக்கொண்டு போனவள் அப்படியே வீட்டுக்குப் போய்விட்டாள். டப்பாவில் இருந்த தண்ணீர் சொட்டுச் சொட்டாக ஒரு சிலிண்டருக்குள் இறங்கியது. காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. காலையில் அண்ணன் சாவியைத் திருப்பியபோது பிஸ்டன் மேலே போக இடமில்லாமல், அதைத் தள்ளும் கனெக்டிங் ராடு தூண்டில் முள்ளாக வளைந்து, முறிந்து, எஞ்சின் பிளாக்கைப் பொத்துக்கொண்டு வெளியே வந்தது.

"ஏன் சொல்லலை?" என்று அவன் கத்தினான். "சொன்னேனே" என்றாள் அவள். பயத்தில் வாயிலிருந்து வந்துவிட்டது. வந்ததைத் திரும்ப எடுக்க முடியவில்லை. "உன் தண்ணியைத் தூக்கிட்டுப் போயிடு" என்றான். பம்பையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்தவள்தான், திரும்பிக் கடக்கவில்லை. அண்ணன் அதற்குப் பிறகு இன்டர்கூலர் மட்டும் வைத்தான். காற்றைக் காற்றால் குளிர வைப்பதுதான் முறை, எஞ்சினுக்குத் தண்ணீர் காட்டுவது கோமாளி வேலை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். அவன் சொல்வது இவளுக்குக் கேட்கும். தெரு அகலம் இருபதடிதான்.

இருபத்தாறு மழையும் தன்னுடையது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கார் ஓட்டுவதை விட்டாள். நின்ற இடத்திலேயே எஞ்சினை ஓட்டி, பம்பைக் கையால் இயக்கி, நீளமான ஸ்க்ரூ டிரைவரின் ஒரு முனையை பிளாக்கிலும் கைப்பிடியைக் காதிலும் வைத்துக் கேட்டு, சரியாக இருக்கிறது என்று கொடுத்துவிடுவாள். ஒன்றரை மாதம் இப்படிப் போயிற்று. பிறகு ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வந்து செய்தித்தாள் பொட்டலம் ஒன்றை மேஜைமேல் வைத்துப் பிரித்தார். உள்ளே ஒரு பிஸ்டன், நடுவில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. நாசிலின் துளையில் ஒரு பித்தளைச் சீவல் சிக்கியிருந்திருக்கிறது. மேட்டு ரோட்டில் ஒரு முறை ஓட்டியிருந்தால் அவள் காதுக்குத் தெரிந்திருக்கும்.

"நீங்க ஓட்டிப் பார்த்தீங்களாம்மா?" என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார்.

ஓட்டினேனே என்று சொல்ல நாக்கு எழுந்தது. அந்த வார்த்தையின் ருசி அவளுக்கு ஏற்கெனவே தெரியும். "இல்லைங்க. ஓட்டலை. என் தப்புதான்" என்றாள். அந்த எஞ்சினை அவளே பிரித்து, அவளே கட்டி, பத்தொன்பது நாளில் திருப்பிக் கொடுத்தாள். கொடுப்பதற்கு முன்னால் மேட்டு ரோட்டில் ஓட்டியும் பார்த்தாள். அண்ணனை நினைக்கக்கூடாது என்று பதினேழாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லிக்கொண்டே ஏறினாள். ஏழு பதினேழு நூற்றுப் பத்தொன்பது வரைக்கும் சரியாகப் போயிற்று. எட்டுப் பதினேழு எவ்வளவு என்பதில் தடுமாறினாள். சின்ன வயதில் அந்த இடத்தில் தடுமாறும்போதெல்லாம் பாப்பா என்று கூப்பிட்டுப் பின்னாலிருந்து விடையைக் கிசுகிசுக்கிறவன் அண்ணன்தான். அந்த நேரம் பார்த்து டர்போ விசிலடித்தது. ஒரு மணி நேரத்தில் எதிர் வீட்டுக் கூரையில் மழை தடதடவென்று கொட்டுவதைப் பட்டறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஒளித்துப் பயனில்லை என்று ஆகிவிட்டது. வாரத்துக்கு இரண்டு மூன்று கார் ஓட்டினாள், எதிர் வீட்டில் வாரத்துக்கு இரண்டு மூன்று மழை பெய்தது. தெருக்காரர்கள் அவள் வண்டியைக் கிளப்பினால் மணி பார்க்கத் தொடங்கினார்கள்.  அண்ணன் பட்டறையின் முன்பக்கம் ஒரு தார்ப்பாயைக் கட்டிவிட்டு அதன் கீழே உட்கார்ந்து இன்டர்கூலருக்குக் குழாய் பற்றவைத்துக்கொண்டிருந்தான். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொங்கினால் ஒரு கொம்பால் தள்ளிவிடுவான். கோபமா, வேறு எதுவுமா என்று அவன் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, பிறந்ததிலிருந்தே அவன் முகம் அப்படித்தான். அண்ணிக்கு மட்டும் சந்தோஷம். மாடியில் இருபது தொட்டிகளில் செடி வைத்துவிட்டாள். ஒரு நாள் தெருவைக் கடந்து வந்து, பட்டறை வாசலிலேயே நின்று, உள்ளே வராமல் சொன்னாள். "திங்கக்கிழமை மட்டும் வண்டியை எடுக்காதேம்மா. போர்வை துவைக்கப் போறேன்." ஒன்பது வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் சேதி அது. அவள் சரி என்று தலையாட்டினாள். கேட்க நினைத்ததைக் கேட்க அதற்குள் அண்ணி போய்விட்டாள்.

கேட்க நினைத்தது இதுதான்: அண்ணன் என்ன சொல்கிறான்? இத்தனை மழை பெய்த பிறகும், தங்கை தன்னைத் திட்டித் தீர்த்துக்கொண்டு மேட்டில் ஏறுகிறாள் என்றுதான் அவன் நினைக்கிறானா? நினைத்தால் தப்புச் சொல்ல முடியாது. நினைப்பு எப்படிப்பட்டது என்று மழை சொல்வதில்லை. நேரில் போய்ச் சொன்னால்தான் உண்டு. அதற்கு முதலில் "சொன்னேனே" என்ற அந்தப் பழைய பொய்யை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாளும் கையைத் துடைத்துக்கொண்டு வாசல் வரை வருவாள், ஏதாவது ஒரு ஸ்பேனரை மறந்துவிட்டதுபோல உள்ளே திரும்பிவிடுவாள்.

வெயில் உச்சத்தில் இருந்த ஒரு புதன்கிழமை, மதியம் மூன்று மணி சுமாருக்கு, அண்ணனுடைய கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அவனுடைய கார்தான், அந்தச் சத்தத்தைத் தூக்கத்தில் கேட்டாலும் அடையாளம் சொல்வாள். ஆனால் தெருமுனை தாண்டி மேடு தொடங்கியதும் அந்தச் சத்தம் மாறியது. எஞ்சின் இருமியது. புரையேறியதுபோல இருமி, இழுத்து, மறுபடியும் இருமியது. அவள் கையில் இருந்த நாசிலை மேஜைமேல் வைத்தாள். தட்டுகிற எஞ்சின் இருமாது. எஞ்சின் அப்படி இருமுவதற்கு உலகத்தில் ஒரே காரணம்தான், உள்ளே தண்ணீர் அதிகம். அண்ணன் தண்ணீர் வைத்திருக்கிறான். எப்போது வைத்தான், யாரிடம் கேட்டு வைத்தான் என்று தெரியவில்லை, கண்டபடி வைத்திருக்கிறான் என்று மட்டும் நன்றாகத் தெரிந்தது.

மொட்டை மாடிக்குப் போனாள். மேட்டு ரோட்டில் வெள்ளை ஆவியைக் கக்கிக்கொண்டு கார் ஊர்ந்து ஏறுவது தெரிந்தது, தொட்டிவரை போய், திரும்பி, இறங்கியது. மணி மூன்று இருபது. இன்னும் ஒரு மணி நேரம். அவன் யாரை நினைத்திருப்பான்? அண்ணியை நினைத்திருக்கலாம். வேறு ஊரில் படிக்கும் மகளை நினைத்திருக்கலாம், அப்படியானால் மழை அந்த ஊருக்குப் போய்விடும். யாரையும் நினைக்காமல் உடைந்துபோன அந்தப் பழைய எஞ்சினையே நினைத்திருக்கலாம், எஞ்சினுக்கு வீடு ஏது. மாடியில் வேலை எதுவும் இல்லை, ஆனாலும் ஒரு துடைப்பத்தை எடுத்துப் பெருக்கினாள். பெருக்கின இடத்தையே பெருக்கினாள். நான்கு மணிக்கு அலுவலகத்திலிருந்து வந்த கணவர் ஏணிப்படியில் பாதி ஏறி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, படியிலேயே உட்கார்ந்துகொண்டார். நான்கு இருபது ஆயிற்று. இருபத்தைந்து ஆயிற்று. வானம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டுக் கீழே இறங்கத் திரும்பியபோது முதல் சொட்டு அவள் பின்கழுத்தில் விழுந்தது.

அவள் நகரவில்லை. இரண்டாவது சொட்டு, மூன்றாவது சொட்டு, பிறகு எண்ண முடியவில்லை. வாயைத் திறந்து, கண்ணை மூடி, கையை விரித்து நின்றாள். இத்தனை மாதம் ஊரெல்லாம் நனைவதைப் பார்த்தவளுக்குத் தன் வீட்டு மழை எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கணவர் படியிலிருந்தே, சாதாரணமாக, "ஆரம்பிச்சுடுச்சு" என்றார். கால் மணி நேரம் அவள் அப்படியே நின்றாள், அந்தக் கால் மணி நேரமும் அவள் வாழ்க்கையிலேயே நல்ல நேரம் என்றுதான் சொல்ல வேண்டும்.

அரை மணி நேரம் ஆகியும் மழை குறையவில்லை. ஒரு மணி நேரத்தில் மாடியில் கணுக்கால் அளவு நின்றது. ஒன்பது மாதமாக ஒரு வீட்டிலும் அரை மணிக்கு மேல் பெய்ததில்லை, இது தூண் தூணாக இறங்கியது. படுக்கையறைக் கூரையில் ஈரம் படர்ந்து, காரை பெயர்ந்து மெத்தைமேல் விழுந்தது. கணவருடைய நோட்டுகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இறங்கி ஓடினார்கள். பட்டறைக் குழி நிரம்பி, டிரேயும் எண்ணெய்க் கேனும் மிதந்து வெளியே வந்தன. கணவர் வாசலில் வைத்த அளவைப் பாத்திரம் நிரம்பி வழிய, இதற்கு மேல் அளக்க என்னிடம் பாத்திரம் இல்லை என்று கையை விரித்தார். மெக்கானிக்கம்மாவுக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபம் இல்லை. ஒரு வேலையை அரைகுறையாகச் செய்த ஆளைப் பார்த்து வேலை தெரிந்த ஆளுக்கு வருமே, அந்தக் கோபம். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சொட்டச் சொட்ட, யோசிக்காமல் தெருவைக் கடந்தாள். தெருவின் நடுக்கோட்டைத் தாண்டியதும் வெயில் சுள்ளென்று அடித்தது.

அண்ணன் பானெட்டைத் திறந்துவைத்து, தலையை உள்ளே விட்டு, நாசிலைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"துளை எத்தனை மில்லி?" என்றாள்.

அவன் தலையை வெளியே எடுக்கவில்லை. "ரெண்டு."

"ரெண்டு மில்லியா? அதுல வயலுக்கே பாய்ச்சலாம். அரை மில்லிக்கு மேல போகக்கூடாது. இதுகூடவா தெரியாது?"

"எனக்கு யார் சொன்னா?" என்றான் அண்ணன்.

 அவள் மட்கார்டைப் பிடித்துக்கொண்டாள். "நான் சொல்லலை. அன்னைக்கும் சொல்லலை. வால்வு போடாம ஸ்டார்ட் பண்ணாதேன்னு நான் உன்கிட்ட சொல்லவே இல்லை. சொன்னேன்னு சொன்னது பொய்."

அண்ணன் தலையை வெளியே எடுத்தான். நெற்றியில் கிரீஸ். நாசிலைக் கையில் உருட்டிக்கொண்டே, அவளைப் பார்க்காமல் பேசினான். "டப்பா காலியா இருந்ததை நான் பார்த்தேன். காலைல, சாவி போடறதுக்கு முன்னாடி. தரையில ஒரு சொட்டு இல்லை. தண்ணி வேற எங்க போயிருக்கும்? ப்ளக்கைக் கழட்டிப் பார்த்திருக்கணும். நேரமாயிடுச்சு, பார்த்துக்கலாம்னு திருப்பிட்டேன். திருப்பிட்டு உன்மேல கத்தினேன்."

"ஒன்பது வருஷமா இதை வயித்துலயா வெச்சுக்கிட்டிருந்தே?"

"நீ மட்டும் என்ன பண்ணினே?"

 கேட்க வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. அதைக் கேட்காமல் திரும்பிப் போனால் அந்த மழையை வைத்துக்கொண்டு அவளால் நிம்மதியாகத் தூங்க முடியாது. "மேட்டுல ஏறும்போது என்ன நினைச்சே?" என்று கேட்டாள். "திட்டினியா?"

"வண்டி இருமிச்சு. பாதி மேட்டுல நின்னுடும்போல இருந்துச்சு. எதனாலன்னு எனக்குப் புரியலை. பாப்பா பக்கத்துல உட்கார்ந்திருந்தா காதால கேட்டே சொல்லிடுவாளேன்னு நினைச்சேன். மேல போற வரைக்கும் அதையேதான் நினைச்சேன்."

அவள் அழுதாள். சத்தமாகவே அழுதாள், தெருவில் போனவர்கள் நின்று பார்க்கிற மாதிரி. அண்ணன் என்ன செய்வது என்று தெரியாமல் கையிலிருந்த கிரீஸ் துணியை நீட்டினான். அவள் அதை வாங்கி முகத்தைத் துடைத்து, கன்னமெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டாள். உள்ளேயிருந்து வந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "இதுக்கா ரெண்டு பேரும் ஒன்பது வருஷம் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டிருந்தீங்க? நடுவுல கிடந்து நான் செத்தேன்" என்று சொல்லி, நல்ல துண்டு ஒன்றை நாத்தனாரின் தலைமேல் போட்டுவிட்டு, எதிர் வீட்டில் தண்ணீரை வாரிக் கொட்டுவதற்கு வாளி எடுத்துக்கொண்டு போனாள். மழை ஆறு மணிக்கு நின்றது.

மறுநாள் அவளே அரை மில்லி நாசில் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து எடுத்துவந்து பொருத்தினாள். டப்பாவைப் பின்னால் மாற்றினாள், வால்வு போட்டாள், வால்வு போட்டாயிற்று என்று அண்ணனிடம் மூன்று முறை சொன்னாள். பிறகு இருவரும் அந்தக் காரில் ஏறினார்கள், அவன் ஓட்ட, அவள் பக்கத்தில். தெருவே மணி பார்த்தது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் நினைத்துக்கொண்டு ஒரே வண்டியில் போனால் மழை எந்த வீட்டில் பெய்யும் என்பதைப் பற்றி அதற்குள் கடைவீதியில் மூன்று கட்சிகள் உருவாகியிருந்தன. ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு மணி நேரம் ஆயிற்று, எங்கேயும் பெய்யவில்லை. கணவர் சைக்கிளில் ஊர் முழுக்கச் சுற்றிவிட்டு வந்து, ஒரு கூரைகூட ஈரமில்லை என்றார். என்ன நினைச்சீங்க என்று கேட்டதற்கு அண்ணனும் தங்கையும் முதலில் முழித்தார்கள். வண்டியைத் தவிர வேறெதையும் நினைத்ததாக ஞாபகம் இல்லை என்றார்கள். போகும்போதும் வரும்போதும் மூன்றாவது சிலிண்டரின் சத்தத்தைப் பற்றித்தான் சண்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறார்கள். கணவர் அந்தத் தேதிக்கு நேராகப் பூஜ்யம் போட்டார்.

பட்டறைகள் இப்போதும் இரண்டுதான். இன்டர்கூலர் வைத்த வண்டி தண்ணீருக்குத் தெருவைக் கடந்து வரும், தண்ணீர் வைத்த வண்டி இன்டர்கூலருக்குத் தெருவைக் கடந்து போகும், டெஸ்ட் ஓட்டும்போது பெரும்பாலும் இருவரும் ஒன்றாகவே ஏறிக்கொள்கிறார்கள். அண்ணியின் தண்ணீர்த் தொட்டி வற்றுகிற வாரங்களில் மட்டும் அவள் வாசலுக்கு வந்து, இரண்டு பேரையும் தனித்தனி வண்டியில் ஏறச் சொல்வாள்.